லினக்ஸ் கணினியில் விமானம் ஓட்டுதல்: ஃபிளைட்கியர் சிமுலேட்டருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

லினக்ஸில் விளையாட முடியாது என்ற எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது. சிமுலேட்டர் வகை விளையாட்டுகளைப் பொறுத்தவரை அது எப்போதுமே அரைகுறை உண்மைதான். வணிக நிறுவனங்கள் உருவாக்கிய விமான சிமுலேட்டர்களின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கவோ மாற்றவோ முடியவில்லையே என்ற குறையால், 1996இல் டேவிட் மர் என்பவர் ஒரு திறந்த சிமுலேட்டருக்கான யோசனையை இணையத்தில் முன்வைத்தார். 1997இல் கர்ட்டிஸ் ஓல்சன் முன்னின்று நடத்த, நிரலாக்கம் தொடங்கியது. அதுதான் ஃபிளைட்கியர். குனு பொது உரிமத்தின் கீழ் வெளிவரும் இந்த மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் விளையாட்டை நிறுவிவிடுகிறார்கள். படம் விட்டுவிட்டு நகர்கிறது, விமானம் ஓடுபாதையிலேயே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது, உடனே லினக்ஸ் இதற்குச் சரிப்படாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் இவற்றில் முதல் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது கிராஃபிக்ஸ் அட்டையை இயங்குதளத்தோடு இணைக்கும் மென்பொருள். இரண்டாவது கோளாறே அன்று, அது இயற்பியல். எனவே முதலில் டிரைவர், அடுத்து விளையாட்டு, அதன்பின் கட்டுப்பாட்டுக் கருவி, கடைசியில் பறத்தல் என்ற வரிசையைக் கடைப்பிடிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதற்படி: கிராஃபிக்ஸ் டிரைவரைச் சரிபார்த்தல்

கணினியில் இன்டெல் அல்லது ஏஎம்டி கிராஃபிக்ஸ் இருந்தால் பெரும்பாலும் செய்ய வேண்டியது எதுவுமில்லை. அவற்றுக்கான டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலும் மீசா என்னும் திறந்த மூலத் தொகுப்பிலும் ஏற்கெனவே இருக்கின்றன. இயங்குதளத்தைப் புதுப்பித்து வைத்திருப்பதே போதும். என்விடியா அட்டை வைத்திருப்பவர்கள் உபுண்டுவில் 'கூடுதல் டிரைவர்கள்' என்ற பகுதியையோ, லினக்ஸ் மின்டில் 'டிரைவர் மேனேஜர்' என்ற பகுதியையோ திறந்து, பரிந்துரைக்கப்பட்டது என்று குறிக்கப்பட்டிருக்கும் டிரைவரைத் தேர்ந்தெடுத்து நிறுவ வேண்டும்.

இங்கே பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், என்விடியா டிரைவரை நிறுவும்போது இயங்குதளம் ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லும். கணினி மறுபடி தொடங்கும்போது ஒரு நீலத் திரை தோன்றி, புதிய சாவியைப் பதிவு செய்ய அதே கடவுச்சொல்லைக் கேட்கும். அந்தத் திரை சில விநாடிகளில் மறைந்துவிடக் கூடியது. அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் டிரைவர் நிறுவப்பட்டும் இயங்காமல் கிடக்கும், காரணமும் எளிதில் தெரியாது. ஆகவே முதல் மறுதொடக்கத்தின்போது திரையைவிட்டு அகலாதீர்கள்.

டிரைவர் உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க, மீசா-யூடில்ஸ் என்ற சிறு தொகுப்பை நிறுவி, டெர்மினலில் ஜிஎல்எக்ஸ்-இன்ஃபோ என்ற கட்டளையை இயக்குங்கள். அது காட்டும் நீண்ட பட்டியலில் 'ரெண்டரர்' என்ற வரியைத் தேட வேண்டும். அங்கே உங்கள் கிராஃபிக்ஸ் அட்டையின் பெயர் இருந்தால் எல்லாம் சரி. 'எல்எல்விஎம்-பைப்' என்று இருந்தால், படங்கள் அனைத்தையும் கிராஃபிக்ஸ் அட்டைக்குப் பதிலாக மையச் செயலியே வரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் எந்தச் சிமுலேட்டரும் சீராக ஓடாது, டிரைவரைச் சரிசெய்யாமல் மேலே போவதில் பயனில்லை. இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகள் உள்ள மடிக்கணினியில், க்னோம் மேசைத்தளத்தில் மென்பொருளின் சின்னத்தை வலச்சொடுக்கினால் தனி கிராஃபிக்ஸ் அட்டையில் இயக்குவதற்கான தெரிவு கிடைக்கும்.

இந்தப் படியில் செலவிடும் நேரம் ஃபிளைட்கியருக்கு மட்டும் உதவுவதில்லை. யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2, எக்ஸ்-பிளேன் ஆகியவற்றுக்கு லினக்ஸுக்கென்றே எழுதப்பட்ட பதிப்புகள் உண்டு. விண்டோஸுக்கு மட்டும் வெளிவந்த சிமுலேட்டர்களை, வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட புரோட்டான் என்னும் இணக்க மென்பொருள் மூலம், அந்நிறுவனத்தின் விளையாட்டு விற்பனைத் தளமான ஸ்டீமில் விளையாடலாம். ஸ்டீமின் அமைப்புகளில் 'கம்பாட்டிபிலிட்டி' பகுதியில் அதற்கான தெரிவு இருக்கிறது. ஒரு விளையாட்டை வாங்குவதற்கு முன் புரோட்டான்-டிபி தளத்தில் மற்றவர்கள் எழுதியிருக்கும் அனுபவங்களைப் படித்துப் பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும். இவை எல்லாவற்றுக்கும் அடித்தளம் ஒழுங்காக இயங்கும் அதே டிரைவர்தான்.

இரண்டாம் படி: நிறுவுதல்

டெபியன், உபுண்டு, மின்ட், ஃபெடோரா ஆகியவற்றின் மென்பொருள் களஞ்சியங்களிலேயே ஃபிளைட்கியர் இருக்கிறது. மென்பொருள் மேலாளரைத் திறந்து பெயரைத் தேடி நிறுவினால் போதும். எளிய வழி இதுவே என்றாலும், களஞ்சியத்தில் இருப்பது சற்றுப் பழைய பதிப்பாக இருக்கலாம். புதிய பதிப்பு வேண்டுவோர் ஃபிளாட்ஹப் என்னும் மென்பொருள் தளம் வழியாகப் பெறலாம், அல்லது ஃபிளைட்கியரின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஆப்-இமேஜ் கோப்பைப் பதிவிறக்கலாம்.

ஆப்-இமேஜ் என்பது நிறுவத் தேவையில்லாத ஒற்றைக் கோப்பு. அதை வலச்சொடுக்கி, பண்புகளில் அனுமதிகள் பகுதிக்குச் சென்று, நிரலாக இயக்க அனுமதி கொடுத்தபின் இருமுறை சொடுக்கினால் திறக்கும். உபுண்டு 22.04 முதற்கொண்டு வந்த பதிப்புகளில் லிப்-ஃபியூஸ்-2 என்ற தொகுப்பை முதலில் நிறுவினால்தான் இவ்வகைக் கோப்புகள் இயங்கும். சொடுக்கியும் ஒன்றுமே நடக்காவிட்டால் முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான்.

மூன்றாம் படி: லாஞ்சர் சாளரம்

ஃபிளைட்கியரைத் திறந்ததும் நேராக விமானத்துக்குள் உட்கார்ந்துவிடுவதில்லை. முதலில் லாஞ்சர் என்னும் சாளரம் வரும். எந்த விமானம், எந்த இடம், என்ன வானிலை, எந்த நேரம் என்பவற்றையெல்லாம் அங்கேதான் தீர்மானிக்கிறோம். களஞ்சியத்திலிருந்து நிறுவியவர்களுக்கு லாஞ்சர் வராமல் சிமுலேட்டரே நேரடியாகத் திறந்துகொண்டால், டெர்மினலில் எஃப்ஜிஎஃப்எஸ் என்ற கட்டளையோடு, முன்னால் இரண்டு சிறுகோடுகள் இட்ட லாஞ்சர் என்ற தெரிவையும் சேர்த்து இயக்க வேண்டும்.

விமானத்தைப் பொறுத்தவரை, முதல் சில வாரங்களுக்கு உடன் வரும் செஸ்னா 172பி-யைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். துணைநிரல்கள் பகுதியில் அதிகாரபூர்வ விமானத் தொகுப்பைச் சேர்த்தால் போயிங், ஏர்பஸ், ஹெலிகாப்டர் என்று நூற்றுக்கணக்கானவை கிடைக்கின்றன. ஆசை வருவது இயல்புதான். ஆனால் அவற்றின் தரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. செஸ்னாவோ பல்லாண்டுகளாகப் பலர் சேர்ந்து செதுக்கிய மாதிரி. கருவிப் பலகையில் உள்ள பெரும்பாலான பொத்தான்களும் கைப்பிடிகளும் உண்மையாகவே வேலை செய்கின்றன.

இடத்துக்கு, விமான நிலையத்தின் பெயரையோ நான்கெழுத்துக் குறியீட்டையோ தேடலாம். உலகம் முழுவதும் இதில் இருப்பதால், நாம் அறிந்த ஊரிலேயே தொடங்கலாம். சென்னையின் குறியீடு வி-ஓ-எம்-எம். தொடக்கத்துக்கு நான் சென்னையைச் சொல்வதற்குக் காரணம் ஊர்ப்பற்று மட்டுமன்று. அதன் முதன்மை ஓடுபாதை மூன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிக நீளமுடையது. சின்னஞ்சிறு செஸ்னாவுக்குத் தேவையானதைப்போல் பல மடங்கு. புதியவர் செய்யும் பிழைகளுக்கெல்லாம் அதில் இடமுண்டு. மேலும் 07 என்ற எண்ணுள்ள முனையிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டால், சில நிமிடங்களிலேயே வங்கக் கடல் கண்ணில் படும். திசை தடுமாறுபவருக்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடைக்காது. 07 என்பது ஓடுபாதை ஏறத்தாழ 70 பாகைத் திசையை நோக்கியிருக்கிறது என்பதைக் குறிக்கிறது. மறுமுனைக்கு 25 என்று பெயர், அதாவது 250 பாகை.

சுற்றுச்சூழல் பகுதியில் நேரத்தைக் காலை அல்லது நண்பகல் என்றும், வானிலையைத் தெளிந்த வானம் என்றும் வையுங்கள். விமான நிலையங்கள் வெளியிடும் உண்மையான வானிலை அறிக்கையை இணையத்திலிருந்து பெற்று அப்படியே காட்டும் வசதியும் உண்டு. அது பின்னால் பெரும் மகிழ்ச்சி தரும், முதல் நாளன்று பக்கக்காற்றைத்தான் தரும். அமைப்புகள் பகுதியில் டெராசிங்க் என்பதை இயக்க மறக்கக் கூடாது. விமானம் பறக்கப் பறக்க, அடுத்துவரும் நிலப்பரப்பை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டே இருப்பது இதுதான். அது இயங்காவிட்டால் விமான நிலையம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கடல்தான் தெரியும். முதல் முறை ஓர் இடத்தைத் திறக்கும்போது நிலம் இறங்கி முடியச் சில நிமிடங்கள் ஆகலாம். மறுமுறை, வட்டில் சேமிக்கப்பட்டிருப்பதால், விரைவில் வந்துவிடும்.

நான்காம் படி: கட்டுப்பாட்டுக் கருவி

ஜாய்ஸ்டிக் இருந்தால் நல்லது. பெரும்பாலான யூஎஸ்பி ஜாய்ஸ்டிக்குகளைத் தனி டிரைவர் எதுவுமின்றி லினக்ஸ் கெர்னலே அடையாளம் கண்டுகொள்கிறது. லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ போன்றவை செருகியவுடன் வேலை செய்கின்றன. சிமுலேட்டரைத் திறக்கும் முன்பே கருவியைச் செருகிவிட்டு, ஜேஎஸ்-டெஸ்ட்-ஜிடிகே என்ற சிறு மென்பொருளில் ஒவ்வோர் அச்சையும் அசைத்துப் பாருங்கள். கைவிட்டபின் அச்சு நடுவுக்குத் திரும்பாமல் ஓரமாக நின்றால், அங்கேயே அளவுதிருத்தம் செய்துகொள்ள வேண்டும். பிறகு ஃபிளைட்கியருக்குள் கோப்புப் பட்டியில் உள்ள ஜாய்ஸ்டிக் அமைப்பில், எந்த அச்சு எதை இயக்குகிறது என்பதைச் சரிபார்க்கலாம்.

ஜாய்ஸ்டிக் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை, ஆனால் அம்புக்குறி விசைகளை மட்டும் நம்பிப் பறப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அவை ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரு படி என்று நகர்வதால் கையில் நயம் வராது. டேப் விசையை ஒருமுறை அழுத்தினால் சுட்டி சிலுவை வடிவமாக மாறும். அதன்பின் மவுஸை அசைப்பதே விமானியின் கைப்பிடியை அசைப்பதாகிவிடும். இடப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அசைத்தால் சுக்கான் திரும்பும். பேஜ்-அப், பேஜ்-டவுன் விசைகள் எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். சதுர அடைப்புக்குறி விசைகள் ஃபிளாப்புகளை, அதாவது இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடல்களை, இறக்கி ஏற்றும். ஹோம், எண்ட் விசைகள் டிரிம்முக்கு, அதாவது கைப்பிடியை விடாமல் அழுத்திக்கொண்டிருக்காமலே மூக்கின் நிலையைப் பிடித்துவைக்கும் அமைப்புக்கு, உரியவை. பி என்ற விசை பிரேக். ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் நிறுத்த பிரேக். வீ என்ற விசை பார்வைக் கோணத்தை மாற்றும்.

ஐந்தாம் படி: முதல் பயணம்

எஞ்சின் ஓடாமல் இருந்தால், மேலே விமானத்தின் பெயரிலுள்ள பட்டியலில் ஆட்டோஸ்டார்ட் என்பதைச் சொடுக்குங்கள். சில நாள் பழகியபின், சிவப்புக் குமிழை உள்ளே தள்ளி எரிபொருள் கலவையைச் செறிவாக்குவது, மாஸ்டர் சுவிட்சைப் போடுவது, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோக்களின் சாவியை 'இரண்டும்' என்ற நிலைக்குத் திருப்புவது, ஸ்டார்ட்டரை இயக்குவது என்று நீங்களே வரிசையாகச் செய்து பாருங்கள். அதில் கிடைக்கும் நிறைவு தனி.

நிறுத்த பிரேக்கை விடுவித்து, எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை ஐந்தாறு விநாடிகளில் மெல்ல முழுமையாகத் திறந்துவிடுங்கள். உடனே விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். தொடக்கத்தில் நான் கோளாறு என்று பலர் கருதுவதாகச் சொன்னது இதைத்தான். விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கும்போது புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எதிர்விசையும், அது சுழற்றியடிக்கும் காற்று வால்பகுதியின் இடப்பக்கத்தில் மோதுவதும் சேர்ந்து விமானத்தை இடப்புறம் திருப்புகின்றன. உண்மையான செஸ்னாவிலும் விமானி வலக்காலால் சுக்கானை மிதித்தே இதைச் சமாளிக்கிறார். நீங்களும் வலச் சுக்கானைச் சிறிது கொடுத்து, ஓடுபாதையின் நடுக்கோட்டைப் பிடியுங்கள்.

வேகமானி 55 நாட் (மணிக்கு 55 கடல்மைல்) என்ற அளவைத் தொட்டதும் கைப்பிடியை இலேசாகப் பின்னுக்கு இழுங்கள். விமானம் தானாகவே தரையை விட்டு எழும். இழுத்த இழுப்பில் மூக்கை வானத்துக்குத் திருப்பிவிடாமல், 75 நாட் வேகம் நிலைக்கும் அளவுக்கு மட்டும் உயர்த்தி, அதே நிலையில் ஏறிக்கொண்டிருங்கள். விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் பரங்கிமலை ஏறத்தாழ 300 அடி உயரமுடையது என்பதால், 700 அடிக்கு முன் எந்தப் பக்கமும் திரும்ப வேண்டாம்.

அதன்பின் இடப்பக்கம் திரும்பி, 340 பாகைத் திசையில் ஏறி, 1000 அடியை எட்டியதும் மறுபடி இடப்பக்கம் திரும்பி 250 பாகைக்கு வாருங்கள். இப்போது ஓடுபாதை உங்கள் இடப்பக்கச் சன்னலில், நீங்கள் புறப்பட்ட திசைக்கு நேரெதிராக ஓடுவது தெரியும். எஞ்சின் சுழற்சியை நிமிடத்துக்கு 2200 அளவுக்குக் குறைத்து, டிரிம்மைத் திருப்பி, கையை எடுத்தாலும் விமானம் உயரத்தை இழக்காமல் செல்லும்படி செய்யுங்கள். டிரிம் என்பதன் பொருள் புரிந்த அன்றுதான் ஒருவர் விமானம் ஓட்டத் தொடங்குகிறார் என்று நான் நம்புகிறேன். அதுவரை அவர் விமானத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஓடுபாதையின் தொடக்க முனை பக்கவாட்டில் வரும்போது எஞ்சினை 1500 சுழற்சிக்கு இறக்கி, முதல் படி ஃபிளாப்பை இறக்குங்கள். முனை தோளுக்குப் பின்னால் போனதும் இடப்பக்கம் திரும்பி 160 பாகை, இரண்டாம் படி ஃபிளாப், 70 நாட். கடைசியாக மீண்டும் இடப்பக்கம் திரும்பினால் ஓடுபாதை நேரெதிரே நிற்கும். முழு ஃபிளாப், 65 நாட். இறங்குமுகத்தில் வேகத்தைக் கைப்பிடியாலும், இறக்கத்தைத் த்ராட்டிலாலும் கட்டுப்படுத்துங்கள். தாழ்ந்துவிட்டோமே என்று மூக்கை மட்டும் தூக்கினால் வேகம் விழும், வேகம் விழுந்தால் இறக்கம் இன்னும் கூடும். ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் தெரிந்தால் அவற்றைப் பாருங்கள். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான பாதை. நான்கும் வெள்ளை என்றால் உயரம் மிகுதி. நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான தாழ்வு.

தரைக்குச் சில அடிகள் இருக்கையில் த்ராட்டிலை முழுவதும் மூடி, விமானத்தைத் தரையில் வைக்க முயலாமல், முடிந்தவரை தரைக்குமேல் மிதக்கவிட முயலுங்கள். வேகம் குறையக் குறையக் கைப்பிடியை மெல்ல இழுத்துக்கொண்டே வந்தால் பின்சக்கரங்கள் இரண்டும் தாமாகவே தொடும். முதல் பத்து முயற்சிகளில் பெரும்பாலானவை துள்ளும். துள்ளினால் முழு வேகம் கொடுத்து மீண்டும் எழுந்து, இன்னொரு சுற்று வாருங்கள். உண்மையான பயிற்சியிலும் சொல்லிக்கொடுப்பது அதுவே.

படம் திணறினால்

காட்சிப் பட்டியில் நொடிக்கு எத்தனை சட்டகங்கள் என்று காட்டும் தெரிவை முதலில் இயக்குங்கள். 30க்குக் குறையாமல் நிலையாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். குறைந்தால், ரெண்டரிங் ஆப்ஷன்ஸ் சாளரத்தில் முதலில் மரங்களின் அடர்த்தி, அடுத்து கட்டடங்கள், பிறகு மேகங்கள் பரவும் தொலைவு என்ற வரிசையில் ஒவ்வொன்றாகக் குறைத்துப் பாருங்கள்; எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் குறைத்தால் எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும். சிமுலேட்டர் திடீரென மூடிக்கொண்டால், முகப்பு அடைவில் புள்ளி எஃப்ஜிஎஃப்எஸ் என்ற மறைவான உறைக்குள் இருக்கும் பதிவுக் கோப்பின் கடைசி வரிகள் பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும்.

விமானத்தின் உள்ளே

திறந்த மூலம் என்ற சொல்லுக்கு இங்கேதான் உயிர் வருகிறது. உபகரணப் பட்டியில் எரிபொருள், சுமை என்ற சாளரத்தைத் திறந்து, பயணிகளின் எடையைக் கூட்டுங்கள். 172பி-யின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 2400 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1089 கிலோ. தனியாளாகப் புறப்படும்போது எவ்வளவு தொலைவில் எழும்பியதோ, அதே ஓடுபாதையில் அந்த எல்லையளவு சுமையோடு எவ்வளவு தொலைவு ஓட வேண்டியிருக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பின்பக்கப் பெட்டியில் மட்டும் எடையைக் குவித்தால் ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகர்ந்து, மூக்கு சிறு அசைவுக்கும் துள்ளத் தொடங்குவதை உணரலாம்.

இதையெல்லாம் கணக்கிடுவது ஜேஎஸ்பிசிம் என்னும் பறத்தலியல் எஞ்சின். அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டார்பா, 2020இல் செயற்கை நுண்ணறிவு நிரல்களுக்கிடையே நடத்திய வான்சண்டைப் போட்டியில் எஃப்-16 விமானத்தைப் பறக்கவைத்ததும் இதே எஞ்சின்தான். செஸ்னாவின் இறக்கைப் பரப்பு, எடைகள், தாக்குகோணம் (இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம்) மாறும்போது ஏற்றவிசை எப்படி மாறுகிறது என்ற அட்டவணை ஆகிய அனைத்தும் ஒரு சாதாரண எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. எந்த உரைத் தொகுப்பானிலும் அதைத் திறந்து படிக்கலாம். மாற்றிப் பார்க்க விரும்பினால் மூலக் கோப்பைத் தொடாமல், விமானத்தின் முழு அடைவையும் உங்கள் முகப்பு அடைவில் ஓர் உறைக்குள் நகலெடுத்து, லாஞ்சரின் துணைநிரல்கள் பகுதியில் அந்த உறையை விமானங்களுக்கான கூடுதல் இடமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஏற்றவிசை அட்டவணையின் எண்களைப் பத்தில் ஒரு பங்கு குறைத்துச் சேமித்துவிட்டு, அதே சுமையோடு அதே 07 முனையிலிருந்து புறப்பட்டு, சக்கரங்கள் தரையை விடும்போது வேகமானி என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.